மேல்தண்ணி

விளக்கு வைத்த பிறகு, குழந்தைக்குப் பால் கலக்க ஜெசிந்தா சமையலறைக் குழாயைத் திறந்தபோது, குழாய்க்குள்ளிருந்து ஒரு வயசாளி இருமினார். தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே எதையோ சுரண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வருகிற நீளமான இருமல். அது யாருடையது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுப் புஷ்கலா அக்காவின் மாமனார் ஆடி மாதம் கண்ணை மூடும்வரைக்கும் அந்தத் தெரு அந்த இருமலைக் கேட்டுத்தான் தூங்கியது, அதைக் கேட்டுத்தான் எழுந்தது. பெரியவர்கள் இருமும்போது குறுக்கே எதுவும் செய்யக்கூடாது என்று கான்வென்டில் பழக்கியிருந்ததால், ஜெசிந்தா பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி இருமல் முடிகிறவரைக்கும் நின்றாள். முடிந்ததும் அவர் எப்போதும்போல, "ஏ புஷ்கலா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அதற்கப்புறம்தான் குழாயில் தண்ணீர் வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

பூங்காவனம் நகர் என்று நுழைவாயிலில் பலகை இருந்தாலும் அங்கே பூங்காவும் கிடையாது, வனமும் கிடையாது. தெருவின் மேல்கோடியில், வீடுகளைவிட உயரமான தரையில், கைவிட்ட கல்குவாரி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கல் தீர்ந்ததும் குவாரிக்காரர்கள் போய்விட்டார்கள், பள்ளம் போகவில்லை. நகராட்சி லாரிகள் ஊர்க்குப்பையைக் கொண்டுவந்து அதில் கொட்டின. அடியில் மண் என்று ஒரு பிடிகூட இல்லை, வெடி வைத்து வைத்து விரிசல் விட்ட வெறும் பாறைதான். மழை பெய்தால் குப்பையில் ஊறிய தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் அந்த விரிசல்களுக்குள் இறங்கி, பாறைக்குள் வழி கேட்டுக் கேட்டு, தாழ்வான பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக நடந்து வந்தது. தாழ்வான பக்கம் பூங்காவனம் நகர். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. ஏனென்றால் லாரி கொட்டுவது போதாதென்று தெருக்காரர்களும் சாயங்காலமானால் ஆளுக்கொரு கறுப்புக் கவரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, "வாக்கிங் போயிட்டு வர்றேன்" என்று குவாரி விளிம்புவரைக்கும் நடந்து, திரும்பும்போது வெறுங்கையோடு வந்தார்கள். எதிரே வருகிறவர் கையில் கவர் இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். புஷ்கலாவின் மாமனாரை எடுத்த மறுநாள் அவர் படுத்த மெத்தை, தலையணை, துப்பிய கிண்ணம், போர்த்திய போர்வை எல்லாம் அப்படித்தான் வாக்கிங் போயின.

போன கோடையில் தெருவின் பழைய கிணறுகளில் வாடை வந்ததும், குடியிருப்போர் சங்கத்தில் கூடிப் பேசி ஆழமாக ஒரு போர் போட்டார்கள். ஜெசிந்தாவின் கணவன் பெலிக்ஸ்தான் சங்கச் செயலாளர். போர்வண்டி இறங்க இறங்க, முதலில் செம்மண் வந்தது, பிறகு வெள்ளையாகச் சுக்கான்கல், பிறகு கையால் நொறுக்கினால் நொறுங்குகிற மக்கின மஞ்சள் பாறை, அதற்கும் கீழே விபூதி மாதிரி சாம்பல் தூளாகக் கருங்கல். அதற்கும் கீழே, ரொம்பக் கீழே, கருங்கல்லில் ஒரு வெடிப்புத் தட்டியதும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. எந்தக் காலத்து மழையோ, மனுஷக் குரல் ஒன்றையும் கேட்டறியாத தண்ணீர், அப்படியொரு ருசி. மேலே கசிகிற தண்ணீர் உள்ளே விழாதபடி, வண்டிக்காரர்கள் மேல்மண்ணுக்கு ஓட்டையில்லாத பைப்பை இறக்கப் போனார்கள். அப்போதுதான் சங்கத் தலைவர் தணிகாசலம் சார், "மேல்தண்ணியும் தண்ணிதானே தம்பி, அதை ஏன் விடணும்?" என்றார். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டு, வரிசைக்காகக் கூந்தலைப் பிடித்துச் சண்டை போட்ட தெரு அது. கசிகிற தண்ணீரைக் கசிய விடுவது பாவம் என்று எல்லாருக்கும் பட்டது. பெலிக்ஸ் முன்னால் நின்று பைப்பில் வரிசையாகக் கீறல் போடச் சொல்லி, அதையே இறக்கினான். ஜெசிந்தா வயிற்றுப் பிள்ளையோடு மெழுகுவர்த்தி ஏற்றிப் பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து மேல்தண்ணீர் அந்தக் கீறல்களின் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ்த்தண்ணீருக்குள் விழுந்துகொண்டே இருந்தது, தன் கதையையெல்லாம் அதன் காதில் சொல்லிக்கொண்டே.

இருமல் வந்த மறுநாள் தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே போர், ஒரே தொட்டி, எல்லார் வீட்டுக் குழாயிலும் எல்லாரும் கேட்டார்கள். மூலைவீட்டுப் பெண் தாய்வீட்டோடு வந்துவிட்ட பிறகு கிழித்துப் போட்ட கல்யாண ஆல்பத்திலிருந்து கெட்டிமேளம் எழும்பி, பாதியில் அறுந்தது. மதுவிலக்குக் கூட்டங்களுக்கெல்லாம் தலைமை தாங்குகிற தணிகாசலம் சார் வீட்டுப் பாட்டில்கள், குடத்துக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தன. பிள்ளையாருக்கு அபிஷேகம் நடக்கும்போது அவை சிரித்தால் குருக்கள் மணியைப் பலமாக ஆட்டினார். ஜெசிந்தா இருட்டில் கொண்டுபோய் வீசிய டயாபர்களிலிருந்து அவள் குழந்தை அனிலாவின் முதல் மாசத்து அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால், தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போதும்டி, போதும்டி, நான் எங்கயாவது செத்துப் போயிடறேன்" என்கிற ஒரு பெண்ணின் குரலும் வந்தது. அந்தப் பெண் யாரென்று தெருவில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்காததுதான் ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது.

மனுஷர் எதற்கும் பழகிவிடுவார்கள், இதற்கும் பழகினார்கள். குழாய் வாயில் பழைய வேட்டியை மடித்துக் கட்டினால் குரல் மங்கும் என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர் விடுகிற நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவியை அலறவிட்டார்கள்; தெருக்குழாயடியில் பெண்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சத்தமாகப் பேசினார்கள், வெளியாள் பார்த்தால் இவ்வளவு ஒற்றுமையான தெரு உண்டா என்று கண் வைத்துவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நேரே கலர் சோடா கொடுத்தார்கள். ஒருவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் டம்ளரைக் காதுப் பக்கம் கொண்டுபோகாமல் அண்ணாந்து, மடமடவென்று, மூச்சு விடாமல் குடிப்பது மரியாதை என்று ஆயிற்று. சுத்திகரிக்கிற மெஷினை முதலில் வாங்கி மாட்டியது தணிகாசலம் சார்தான். நல்ல தண்ணீர் ஊமையாக மேலே வந்தது, ஆனால் கழிவுக்குழாய் வாசல் சாக்கடையில் நின்றுகொண்டு தெருவின் அத்தனை விஷயத்தையும் மைக் வைத்த மாதிரி சொல்லிற்று. மெஷினைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதோடு வேறு யாரும் அதை வாங்கவில்லை.

புஷ்கலா ஒருத்திதான் வாயை விட்டுப் பேசுவாள், அதுவும் ஜெசிந்தாவிடம் மட்டும்.

"ஏய் கான்வென்ட்டு, உன் புள்ள எங்க வீட்டு அண்டாவுக்குள்ள கெடந்து வீறிடுது. வந்து தூக்கிட்டுப் போ. இட்லிக்கு அரிசி களையணும்."

"அக்கா, மெதுவாப் பேசுங்க."

"ஏண்டி மெதுவா? எங்க மாமனாரு உன் வீட்ல வந்து தண்ணி கேக்கறாருல்ல? நான் குடுக்கலைன்னுதானே கேக்கறாரு? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். அப்புறம் என்ன மெதுவு." சொல்லிவிட்டுப் புஷ்கலா சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ஜெசிந்தாவுக்குத் தாய்ப்பால் சீக்கிரமே நின்றுபோயிருந்தது. பவுடர்ப் பாலைத்தான் கலக்கினாள். கான்வென்டில் சுகாதாரமும் மாரல் சயின்ஸும் அவள் பரிசு வாங்கிய பாடங்கள்; குழந்தைக்கு எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னது மனசில் கல்வெட்டாக இருந்தது. அதனால் கொதிக்க வைத்தாள், பயம் வந்தால் இன்னொருதரம் கொதிக்க வைத்தாள், அடுப்பில் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை வைத்தாள். தண்ணீர் சுண்டியது, குரல் சுண்டவில்லை. ரசம் வற்ற வற்ற உப்பேறுகிற மாதிரி, அந்த இருமலும் சிரிப்பும் அறுந்த மேளமும் பாத்திரத்தின் அடியில் கெட்டியாகத் திரண்டு நின்றன. அந்தக் கெட்டியைத்தான் அவள் தன் குழந்தைக்கு ஆற்றிப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் உதட்டோரம் ஊதா படர்ந்தது. நகக்கண்களும் நாவல்பழம் தின்ற மாதிரி ஆயின. டாக்டரம்மா நகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணியில பால் கலக்கறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "கேன் தண்ணிதான் டாக்டர்" என்றாள் ஜெசிந்தா. தன் வாயா அதைச் சொன்னது என்று ஆட்டோவில் வரும்போதெல்லாம் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நிஜமாவே கேன் வாங்கிடலாங்க" என்று வீட்டில் பெலிக்ஸிடம் சொன்னாள்.

"செயலாளர் வீட்டு வாசல்லயே கேன் வண்டி நின்னா தெரு என்ன ஜெசி பேசும்? போர் போடணும்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது நான்."

"தெரு பேசறது இருக்கட்டும். புள்ளையப் பாருங்க."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, "பல்லு மொளைக்கறதா இருக்கும்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன், அவளும் அதேதான்.

கார்த்திகை மழைக்குப் பிறகு முபீனா என்கிற பெண் வந்தாள். நிலத்தடி நீரைச் சோதிக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து, தோளில் ஐஸ்பெட்டியும் அதற்குள் பாட்டில்களுமாக. அவள் வருகிற செய்தி முன்னாடியே வந்துவிட்டதால், தணிகாசலம் சார் தன் கார் டிக்கியில் கேன்களை வரவழைத்து, அவள் போகப்போகிற வீடுகளின் சமையலறையில் ஒவ்வொன்று வைத்துவிட்டிருந்தார். "பொய் ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஜெசிந்தாவிடம். "விருந்தாளிக்கு நல்லதைக் குடுக்கறது நம்ம வழக்கம்தானே."

முபீனா முதலில் செயலாளர் வீட்டுக்குத்தான் வந்தாள். "குழாய்லேர்ந்து நேரா பிடிச்சுக்கறேனே அக்கா" என்றாள்.

"குழாயில இப்ப வராதுங்க. பிடிச்சு வெச்சிருக்கேன்." ஜெசிந்தா உள்ளே போய், கேனைச் சாய்த்து, பாட்டிலை நிரப்பி, மூடியைத் திருகிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முபீனா பாட்டிலைக் காதில் வைத்துப் பார்த்தாள். குலுக்கி மறுபடியும் வைத்தாள்.

"குவாரிக்குக் கீழ இருக்கற ஊர்லயெல்லாம் தண்ணி ஏதாச்சும் பேசுதுக்கா. அடுத்த ஊர்ல ஒரு பாட்டில் வழியெல்லாம் ஒப்பாரி வெச்சிட்டு வந்துச்சு, பஸ்ல எல்லாரும் எழுந்திரிச்சு எனக்கு எடம் குடுத்தாங்க. உங்க தண்ணி மட்டும் வாயே தெறக்கல. போர்ல பைப்பு முழுசா இறக்கினீங்களா, இல்ல ஓட்டை போட்டு இறக்கினீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

அப்போது குழந்தை தொட்டிலில் முனகியது. முபீனா எட்டிப் பார்த்தாள், அதன் உதட்டைப் பார்த்தாள், பிறகு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். ஜெசிந்தா கேன் இருந்த பக்கமாகக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நினைத்தாள், எந்தத் தண்ணீரில் போடுவது? நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ முபீனா வேண்டாமென்று எழுந்துவிட்டாள்.

பூங்காவனம் நகர் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று முடிவு வந்தது. தணிகாசலம் சார் அதைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் கோயில் சுவரில் மாட்டினார். விசித்திரம் என்னவென்றால், கேன் தண்ணீரைக் கொடுத்தவர்களே அதைப் படித்துப் படித்து நம்ப ஆரம்பித்தார்கள். பாட்டில் சிரிப்பைக் கேட்டால், "தகுந்தது, தகுந்தது" என்று சொல்லிக்கொண்டு குடித்தார்கள். ஆனால் தெருவுக்குக் கீழே, குடிசைகளுக்கு நடுவில் இருந்த பால்வாடியின் ஆயாவும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு குழாய் கொடுங்கள் என்று கையைக் கூப்பிக்கொண்டு வந்து நின்றாள். இத்தனை காலமும் அவர்கள் தூரத்துக் கைபம்பிலிருந்து சுமந்தார்கள். முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சங்கம் ஏகமனதாகச் சரி என்றது. பைப் புதைத்தார்கள், திங்கட்கிழமை திறப்புவிழா என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஜெசிந்தா வாசலில் அனிலாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். புஷ்கலாவும் எதிர்வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா சொல்லு. மா... மா..." என்றாள் ஜெசிந்தா. குழந்தை அவள் உதட்டையே உற்றுப் பார்த்தது. சிரித்தது. வாயைத் திறந்து இருமியது. அந்த ஆறு மாசத்து மார்புக்குள் இடமே இல்லாத இருமல், நெஞ்சின் அடிவரைக்கும் போய்ச் சுரண்டிவிட்டு வந்தது. பிறகு, பல் விழுந்த கிழவரின் கரகரத்த குரலில், தெளிவாக, "ஏ புஷ்கலா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றது.

புஷ்கலாவின் கையிலிருந்து முறம் நழுவி உளுந்து தெருவெல்லாம் ஓடியது. அவள் கேலி எதுவும் செய்யவில்லை. தெருவைத் தாண்டி வந்து, குழந்தையின் ஊதா விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு அம்மான்னே வராதாடி?" என்றாள்.

பால்வாடியின் பிள்ளைகளை ஜெசிந்தாவுக்குத் தெரியும். சாயங்காலம் கைபிடித்துச் சங்கிலியாகப் போவார்கள், கத்திக் கத்திப் பாட்டுப் பாடுவார்கள். அந்தச் சங்கிலி முழுக்க இருமிக்கொண்டு போவது அவள் காதில் விழுந்தது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது வயிற்றில், பிள்ளை இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை பால்வாடி வாசலில் ரிப்பன் கட்டினார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் பவுடர் அடித்துக் கையில் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து உட்காரவைத்தார்கள். தணிகாசலம் சார் அங்கிருந்து கையைத் தூக்கியதும் பெலிக்ஸ் மோட்டார் போட வேண்டும் என்று ஏற்பாடு. மோட்டார் ரூம் தெருவின் கீழ்கோடியில், பால்வாடிக்கு எதிர்ச்சாரியிலேயே இருந்தது. பெலிக்ஸ் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது, ரூம் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே ஜெசிந்தா ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பிடுங்கிய பியூஸ் கட்டைகளுமாக, போர் பைப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பைப்புக்குள் ஊர் முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"ஜெசி, வெளிய வா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"என்னம்மா இது, விழா நேரத்துல?" தணிகாசலம் சார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "புள்ளை பெத்த உடம்பு, காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கும். பெலிக்ஸ், கூட்டிட்டுப் போப்பா."

கூட்டம் கூடிவிட்டது. பால்வாடி ஆயா டம்ளரோடு ஒரு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். ஜெசிந்தா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அந்தப் பாதி வழியாக ஆயாவைப் பார்த்து மட்டும் பேசினாள். மாரல் சயின்ஸ் ஒப்பித்த குரல் இல்லை அது, அவளுக்கே பழக்கமில்லாத குரல்.

"அக்கா, அந்தப் பொண்ணு பாட்டில்ல நான் ஊத்தினது கேன் தண்ணி. இந்தத் தண்ணி இல்ல. இதைக் குடிச்சுத்தான் என் புள்ள இப்படி இருக்கு. பாருங்க." குழந்தையின் கையைக் கதவுச் சந்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "நான் பொய் சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன். உங்க புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. அந்தப் பொண்ணு திரும்ப வந்து, இந்தப் பைப்லேர்ந்து அவ கையாலயே பிடிக்கறவரைக்கும் நான் வெளிய வர மாட்டேன்."

தெருவில் ஒருவரும் பேசவில்லை. டிவி இல்லை, மணி இல்லை, வேட்டித்துணி இல்லை. அந்த அமைதியில் பைப்பின் குரல்கள் எல்லாருடைய பெயரையும் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆயா பையன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கதவத் தள்ளுப்பா, தள்ளு!" என்று தணிகாசலம் சார் பல்லைக் கடித்தார்.

பெலிக்ஸ் சந்துக்குள் விரல்களைக் கொடுத்துக் கதவைப் பிடித்தான். தள்ளியிருந்தால் திறந்திருக்கும், அவள் அவ்வளவு பலசாலி இல்லை. சந்துக்கு அந்தப்புறம் அவள் முகம் அவன் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

"விரல எடுங்க" என்றாள். "நசுங்கிடும்."

அவன் குழந்தையைப் பார்த்தான். அது அவன் விரல்களைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டியது. "கீறல் போடச் சொன்னது நான், ஜெசி" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"தெரியும். நானும்தான் பக்கத்துல நின்னேன். எடுங்க."

பின்னாலிருந்து தணிகாசலம் சார் ஏதோ கத்தினார். பெலிக்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சுண்டுவிரலை எடுத்தான், பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக, சூடான பாத்திரத்திலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தான். கதவு முழுக்கச் சாத்திக்கொண்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் பாதியில் சிக்கி அடம் பிடித்தது. ஜெசிந்தா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தோளால் கதவை ஒரு முட்டு முட்டித் தூக்கி, தாழ்ப்பாளைப் போட்டாள்.